வெந்நீரில் இளகும் முகமூடி: வெப்பத்தால் வடிவம் மாறும் பொருள்களும் நமது சிகிச்சையும்

தலை அல்லது கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற வருவோர், முதல் நாளன்று பெரிய இயந்திரம் ஒன்றைக் காணப்போகிறோம் என்ற எண்ணத்துடன் வருகிறார்கள். ஆனால் அவர்கள் முதலில் காண்பது ஒரு வெந்நீர்த் தொட்டியைத்தான். அதில் எங்கும் துளையிட்ட ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு மூழ்கிக் கிடக்கும். சில நிமிடங்களில் அதன் வெண்மை மறைந்து, கண்ணாடி போலத் தெளிந்து, ஈரத்துணி போலத் துவளும். தொழில்நுட்பர் அதை எடுத்து, நீரை ஒற்றி, சூடு பொறுக்கும் அளவில் இருக்கிறதா என்று பார்த்து, படுத்திருப்பவரின் முகத்தின் மேல் மெல்ல இழுத்துப் படிய வைப்பார். நெற்றி, மூக்கு, தாடை என ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் அது படியும். சுமார் பத்து நிமிடங்களில் ஆறி, மீண்டும் வெண்மையாகி, இறுகிவிடும்.

மூச்சு முட்டாதா, முகம் சுட்டுவிடாதா, ஏன் இவ்வளவு இறுக்கம் என்று நோயாளிகள் கேட்கிறார்கள். வெளியே காத்திருக்கும் குடும்பத்தினரோ, இப்படிப் பிணைத்து வைத்துத்தான் சிகிச்சை தர வேண்டுமா என்று மனம் கலங்குகிறார்கள். இக்கேள்விகளுக்கான விடை அந்தத் தகட்டின் தன்மையிலேயே இருக்கிறது. வெப்பத்தால் வடிவம் மாறும் பொருள்கள் என்ற பெரிய குடும்பத்தில் அதுவும் ஒன்று. அக்குடும்பத்தின் சில உறுப்பினர்கள் ஏற்கெனவே மருத்துவமனைக்குள் வந்துவிட்டன. வேறு சில இன்னும் ஆய்வகத்தில் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிவது நோயாளிக்கும் அவரைப் பேணுவோருக்கும் பயன் தரும்.

உயிரற்ற காயின் அசைவு

கொடைக்கானலின் பைன் காட்டுக்குச் சென்று வருவோர், அங்கே உதிர்ந்து கிடக்கும் காய்களைப் பொறுக்கி வந்து வீட்டில் வைப்பதுண்டு. உலர்ந்த நாளில் அக்காயின் செதில்கள் மலர்ந்து விரிந்திருக்கும். நீரில் ஊற வைத்தால் அவை நெருங்கி மூடிக்கொள்ளும். எடுத்து உலர்த்தினால் மீண்டும் விரியும். காய் மரத்திலிருந்து விழுந்து பல மாதங்கள் ஆகியிருக்கலாம். அதன் செதிலில் உயிர் இல்லை. தசையும் நரம்பும் இல்லை. பின் எது அதை அசைக்கிறது?

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1997-ஆம் ஆண்டு இதற்கு விளக்கம் தந்தனர். செதில் ஒவ்வொன்றும் இரண்டு அடுக்குகளால் ஆனது. ஓர் அடுக்கில் செல்லுலோஸ் இழைகள் செதிலின் நீளவாக்கில் ஓடுகின்றன. எனவே அந்த அடுக்கு நனைந்தாலும் நீள்வதில்லை. மற்ற அடுக்கில் இழைகள் குறுக்காகச் சுற்றியிருக்கின்றன. அது நனைந்ததும் நீள்கிறது. ஒட்டியிருக்கும் இரண்டில் ஒன்று மட்டும் நீண்டால், முழுச் செதிலும் வளைந்தே ஆக வேண்டும். விதை பறந்து செல்ல ஏற்ற உலர்ந்த நாளில் கதவு திறக்கிறது. மழை நாளில் அடைகிறது.

நம் ஊர்ச் சிறுவர்கள் இதே வகை வேடிக்கையைப் பட்டாசுக்காயில் கண்டிருக்கிறார்கள். வேலியோரத்தில் ஊதாப்பூப் பூக்கும் அச்செடியின் உலர்ந்த காயை நீரில் போட்டால், அது படீரென்று வெடித்து விதைகளைச் சிதறும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியில், சூடு மிகும்போது மின்சாரத்தை நிறுத்தும் தகடும் இவ்வகையினதே. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டி அதைச் செய்திருக்கிறார்கள். பைன் காய்க்கு ஈரம் செய்யும் வேலையை அங்கே வெப்பம் செய்கிறது.

பொருள்களை வடிவமைப்போர் இயற்கையிடமிருந்து கற்றுக்கொண்ட பாடம் இது: அசைவுக்கு எப்போதும் இயந்திரம் தேவையில்லை; இழைகளை எந்தத் திசையில் அமைக்கிறோம் என்பதிலேயே அசைவை எழுதி வைத்துவிடலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற எல். மகாதேவனும், ஜெனிபர் லூயிஸும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் இப்பாடத்தைச் செயலில் காட்டினர். செல்லுலோஸ் இழைகள் கலந்த மென்கூழை முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் வழியே பூ வடிவில் தட்டையாக அச்சிட்டனர். நீரில் இட்டதும் அதன் இதழ்கள் தாமே சுருண்டு நிமிர்ந்தன. 2016-இல் வெளியான இவ்வாய்வில் அசைவைத் தூண்டியது நீர்.

ஆனால் மனித உடல் எப்போதும் ஈரமாகவே இருப்பது. உள்ளே வைக்கும் ஒரு பொருளை, மருத்துவர் வேண்டும் என்னும் நேரத்தில் மட்டும் அசையச் செய்வதற்கு ஈரம் உதவாது. வெப்பத்தையோ டிகிரி கணக்கில் அளந்து கொடுக்கலாம். அதனால்தான் மருத்துவப் பொருள்களை வடிவமைப்போரில் பலர் வெப்பத்தை நாடினர்.

மார்கழித் தேங்காயெண்ணெய்

சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோலக் கோத்து உருவான நீண்ட மூலக்கூறே பாலிமர். பள்ளிப் பாடநூல்கள் இதைப் பலபடி என்று அழைக்கின்றன. பிளாஸ்டிக்கும் ரப்பரும் மட்டுமின்றி, பருத்தியும் பட்டும் பாலிமர்களே.

ஒரு பாலிமர் தன் பழைய வடிவத்தை நினைவில் கொள்வது எப்படி? மார்கழிக் குளிரில் குப்பியில் இருக்கும் தேங்காயெண்ணெய் வெண்மையாக உறைந்துவிடுவதை நாம் அறிவோம். ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்கு மேல் அது உருகித் தெளியும். இப்போது ஒரு ரப்பர் வலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் கண்கள் முழுவதும் தேங்காயெண்ணெய் நிரம்பியிருக்கிறது. எண்ணெய் உருகிய நிலையில் வலையை இழுத்துப் பிடித்து, அப்படியே குளிரவைக்கிறோம். எண்ணெய் உறைந்து, வலையைச் சுருங்கவிடாமல் தாங்கிக்கொள்ளும். கையை எடுத்துவிட்டாலும் அது இழுத்த நிலையிலேயே நிற்கும். மீண்டும் சூடாக்கினால் எண்ணெய் இளகும். வலை தன் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும்.

வடிவ நினைவுள்ள பாலிமரிலும் இவ்விரு பகுதிகள் உண்டு. சங்கிலிகளை ஆங்காங்கே முடிந்து வைத்திருக்கும் முடிச்சுகள் வலையைப் போன்றவை. அவை நிலையான வடிவத்தைக் காக்கின்றன. முடிச்சுகளுக்கு இடைப்பட்ட சங்கிலிப் பகுதிகள் எண்ணெயைப் போன்றவை. அவை குறிப்பிட்ட வெப்பநிலையில் உறைகின்றன, இளகுகின்றன. தற்காலிக வடிவத்தைப் பிடித்து வைப்பதும் பின் விடுவிப்பதும் அவற்றின் வேலை. எந்தச் சூட்டில் இளக வேண்டும் என்பதை, சங்கிலியின் வகையையும் நீளத்தையும் மாற்றி, வேதியியலாளர் முன்கூட்டியே முடிவு செய்கிறார்.

முகமூடிக்கு மீண்டும் வருவோம்

சிகிச்சை முகமூடிகள் பெரும்பாலும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமரால் ஆனவை. அது ஏறத்தாழ 60 டிகிரியில் இளகுவது. அதனால்தான் தொட்டி நீரை 65 முதல் 70 டிகிரி வரையிலான சூட்டில் வைக்கிறார்கள். உறைந்த தேங்காயெண்ணெய் போலவே, சங்கிலிகள் படிகங்களாக ஒடுங்கியிருக்கும்போது தகடு வெண்மையாகத் தெரிகிறது. படிகங்கள் கரைந்ததும் தெளிகிறது. நிறம் மாறுவதே தகடு தயாராகிவிட்டதற்கு அடையாளம்.

முகம் சுடுவதில்லை. தகடு மெல்லியது, துளைகள் நிறைந்தது. வெளியே எடுத்து நீரை ஒற்றியதுமே அதன் மேற்பரப்பு விரைவாகச் சூடு தணியும். வெதுவெதுப்பான ஈரத்துண்டை முகத்தில் போட்டது போன்ற உணர்வே இருக்கும். துளைகள் வழியாக இயல்பாக மூச்சு விடலாம். ஆறும்போது தகடு சிறிதளவு சுருங்குவதால், முதலில் இருந்ததைவிட இறுக்கமாகத் தோன்றும். அந்த இறுக்கம் தற்செயலானது அன்று, தேவையானது. கதிர்வீச்சு, நோயுற்ற இடத்தைச் சில மில்லிமீட்டர் துல்லியத்துடன் தாக்க வேண்டும். அருகிலேயே தண்டுவடமும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இருக்கின்றன. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு அல்லது ஏழு வாரம் வரை சிகிச்சை நீள்வதுண்டு. அத்தனை நாளும் தலை ஒரே நிலையில் அமைய வேண்டும். கையால் பிடித்தோ, கண்ணால் பார்த்தோ அதை உறுதி செய்ய இயலாது.

முகமூடி அணியும் காலத்தில் நினைவில் கொள்ள வேண்டியவை சில உண்டு:

• முகமூடி செய்யும் நாளில் தலைமுடியும் தாடியும் எந்த அளவில் இருந்தனவோ, சிகிச்சை முடியும்வரை ஏறத்தாழ அதே அளவில் வைத்திருங்கள். செயற்கைப் பற்கள் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள்.

• உணவு இறங்காமல் உடல் மெலிந்தால் முகமூடி தளரும். முகம் வீங்கினால் அழுத்தும். இரண்டையும் உடனே தெரிவியுங்கள். தேவையெனில் புதிய முகமூடி செய்யப்படும். இதைச் சொல்லத் தயங்குவதால் சிகிச்சையின் துல்லியமே குறையக்கூடும்.

• மூடிய இடங்களில் உங்களுக்கு அச்சம் உண்டு என்றால் அதையும் சொல்லுங்கள். சிகிச்சை நேரத்தில் அறையில் நீங்கள் மட்டும் இருந்தாலும், வெளியே திரையில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கையை உயர்த்தினால் நிறுத்திவிட்டு வருவார்கள். என்ன சைகை என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்கு ஒரு சிம்பு

எலும்பு முறிந்தால் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய வழக்கம் நம்மிடம் உண்டு. பின்னர் மாவுக்கட்டு வந்தது. இன்று தீக்காயம் பட்ட கை மடங்கிப்போகாமல் காக்கவும், தசைநாண் அறுவை சிகிச்சைக்குப் பின் விரலை உரிய நிலையில் வைக்கவும், வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் சிம்புகள் பயன்படுகின்றன. நோயாளியின் கையிலேயே வைத்து வடிவமைத்துவிடலாம். இவற்றுள் நினைவுள்ள வகையைச் சேர்ந்தவற்றை மீண்டும் வெந்நீரில் இட்டால் தட்டையாகிவிடும். வீக்கம் வடியும்போதும், மூட்டு நன்கு நிமிரும்போதும் அதே தகட்டைக் கொண்டு மறுபடி அமைத்துக்கொள்ள முடியும்.

இந்த நற்குணமே வீட்டில் சிக்கலாகவும் மாறலாம். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் சிம்பை வைத்துவிட்டுச் சென்றால் அது உருமாறிவிடக்கூடும். அடுப்பருகே, வெந்நீர் வாளியில், நேரடி வெயிலில் அதை வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரிலும் சோப்பிலும் கழுவித் துடைத்தால் போதும். வடிவம் மாறிவிட்டதாகத் தோன்றினால், வீட்டிலேயே சூடாக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம். தவறான வடிவில் இறுகிய சிம்பு நரம்பை அழுத்தலாம், தோலைப் புண்ணாக்கலாம். செய்து கொடுத்த சிகிச்சையாளரிடமே கொண்டு வாருங்கள்.

எந்தச் சூட்டில் அசைய வேண்டும்?

உடலுக்கு வெளியே அணியும் பொருளுக்கு 60 டிகிரி ஏற்றது. உடலுக்கு உள்ளே அந்தச் சூடு கொடுக்க இயலாது. எனவே உள்ளே வைக்கும் பொருளுக்கு வேறொரு வெப்பநிலை வேண்டும். இங்கேதான் வடிவமைப்போரின் உண்மையான சோதனை தொடங்குகிறது.

2002-ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் ஆந்திரியாஸ் லெண்ட்லைனும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ராபர்ட் லாங்கரும் ஒரு தையல் நூலை உருவாக்கிக் காட்டினர். சிறு துளை வழியே செய்யும் அறுவை சிகிச்சையில் முடிச்சிடுவது கடினம். முடிச்சு அளவுக்கு மீறி இறுகினால் சுற்றியுள்ள திசு இரத்த ஓட்டமின்றி அழியும். தளர்ந்தால் காயம் சரியாகக் கூடாது. அவர்கள் நூலை முன்கூட்டியே இழுத்து நீட்டி வைத்தனர். அதில் தளர்வான முடிச்சிட்டு 40 டிகிரிக்குச் சூடாக்கியபோது, 20 விநாடிகளில் முடிச்சு தானே இறுகியது. நாளடைவில் உடலிலேயே சிதைந்து மறையும் வகைப் பாலிமர்களால் அந்நூலைச் செய்திருந்தனர். எலியில் செய்த சோதனையிலும் தையல் இறுகியது.

கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும் அந்த 40 டிகிரியில் எவ்வளவு இக்கட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உடலின் இயல்பான வெப்பம் 37 டிகிரி. அதற்கு மிக அருகில் இளகினால், மருத்துவர் முடிச்சிடும் முன்பே நூல் சுருங்கிவிடும். மிக உயரத்தில் இளகினால், அதை அசைக்கத் தரும் சூடே திசுவைப் புண்ணாக்கும். கடும் காய்ச்சலில் உடலே 40 டிகிரியைத் தொடுவதுண்டு. நம் ஊர்க் கோடையில் மருந்துகளை ஏற்றிவரும் வண்டியின் உட்புறமும் அந்தச் சூட்டை எட்டிவிடும். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே நூல் தன் நினைவைச் செலவிட்டிருக்கும். சில டிகிரிகளே கொண்ட அந்தக் குறுகிய சந்துக்குள் பொருளின் நடத்தையை அடக்க வேண்டும். ஆய்வகத்தில் வெற்றி பெற்ற ஒரு பொருள் நம் படுக்கையருகே வர ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

உலோகத்தில் இந்தக் குணம் முன்பே நமக்கு உதவுகிறது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகக் கலவையால் ஆன வலைக்குழாய்கள், காலின் இரத்தக்குழாயிலும் உணவுக்குழாயிலும் மெல்லிய குழலுக்குள் மடக்கி நுழைக்கப்படுகின்றன. விடுவித்ததும் உடல் வெப்பத்தில் தாமே விரிகின்றன. ஆனால் உலோகம் உடலிலேயே தங்கிவிடும். வேலை முடிந்ததும் மறையும் பொருள் வேண்டுமானால் பாலிமரையே நாட வேண்டும்.

குளிர்ந்தால் கைவிடும் தட்டு

வெப்பத்தால் மாறும் பாலிமர்களில் ஒன்று, கண் பார்வை இழந்தோருக்கு உதவியிருக்கிறது. பாலி-ஐசோப்ரோப்பில்-அக்ரிலமைடு என்ற நீண்ட பெயருடைய அது, 32 டிகிரிக்குக் கீழே நீரை உறிஞ்சி உப்பும். அதற்கு மேலே நீரை விட்டுச் சுருங்கும். ஜப்பானில் தெருவோ ஒகானோவின் குழு, இதை மிக மெல்லிய படலமாக வளர்ப்புத் தட்டில் பூசியது. 37 டிகிரியில் செல்கள் தட்டில் பற்றிக்கொண்டு வளரும். தட்டைக் குளிர்வித்தால் படலம் உப்பி, வளர்ந்த செல்களைக் கிழியாத ஒரே விரிப்பாகக் கைவிடும். வேதிப்பொருளிட்டுச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.

2004-இல் வெளியான ஆய்வில், கருவிழியின் மேற்பரப்பு சிதைந்த 4 நோயாளிகளுக்கு, அவர்களுடைய வாயின் உட்தோலிலிருந்தே எடுத்த செல்களை இவ்வாறு வளர்த்து, தையலின்றிக் கண்ணில் பொருத்தினர். நால்வருக்கும் பார்வை மேம்பட்டது. சராசரியாக 14 மாதம் கண்காணித்தபோதும் கருவிழிகள் தெளிவாகவே இருந்தன. நால்வர் என்பது சிறிய எண்ணிக்கை. எனினும் வேறொருவரின் திசுவை எதிர்நோக்கிக் காத்திராமல், தம் உடலின் செல்லைக் கொண்டே கண்ணைச் சீர்செய்ய வழியுண்டு என்பதை அது காட்டியது.

கேட்கத் தயங்காதீர்கள்

புதிய பொருள்களைப் பற்றிய செய்திகள் ஆர்வத்தைத் தூண்டுகின்றன. அவற்றைச் சுட்டிக்காட்டி, விலை உயர்ந்த சிகிச்சையை முன்வைக்கும் விளம்பரங்களும் வரலாம். குடும்பத்தில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது, எந்தக் கதவையும் தட்டிப் பார்க்கலாம் என்றே மனம் துடிக்கும். அத்தகைய நேரத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எல்லோருக்கும் வழங்கப்படும் சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது பதிவாகியிருக்கிறதா? இடையில் விலகினால் எனக்கு வழக்கமான சிகிச்சை தொடருமா? 2009 முதல் நம் நாட்டில் மருந்து, மருத்துவக் கருவி ஆய்வுகளைத் தொடங்கும் முன் அப்பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். நேர்மையான ஆய்வாளர் இம்மூன்றுக்கும் பொறுமையாக விடை சொல்வார்.

தானே இறுகும் தையல் நூல் இன்னும் நம் வார்டுக்கு வரவில்லை. வெந்நீரில் இளகும் முகமூடி வந்துவிட்டது. நாள்தோறும் பணி செய்கிறது. அத்தகட்டின் நினைவில் நிலையாக இருப்பது அதன் தட்டை வடிவமே. உங்கள் முகத்தை அது சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கிக்கொள்கிறது. சிகிச்சை முடிந்தபின் மீண்டும் வெந்நீரில் இட்டால், நெற்றியும் மூக்கும் மெல்ல மறைந்து, முதல் நாள் பார்த்த அதே தகடாக அது விரியும். அந்த நாள் வரும்வரை, ஒவ்வொரு முறை முகமூடி பொருந்தும்போதும் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதைத் தொழில்நுட்பரிடம் சொல்லிக்கொண்டே இருங்கள்.